இரண்டு டேங்கும் ஒரே இரவில் எப்படிக் காலியாகும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவில் ஒரு கேம்பிங் டிரெய்லர் வைத்திருக்கிறார். முன்பக்கக் கொக்கிச் சட்டத்தின் மேல் 30 பவுண்டு புரொப்பேன் டேங்க் இரண்டு, நடுவில் தானாக மாறிக்கொள்ளும் ரெகுலேட்டர். கிளம்பும்போது இரண்டு வால்வையும் திறந்திருக்கிறார், ரெகுலேட்டரின் சின்னக் கண்ணாடியில் பச்சை தெரிந்ததும் எல்லாம் சரி என்று போய்விட்டார். மூன்றாவது இரவு நல்ல குளிர். விடியற்காலையில் ஃபர்னஸ் (டிரெய்லருக்குள் சூடான காற்று ஊதும் கேஸ் ஹீட்டர்) வெறும் குளிர்காற்றை ஊத ஆரம்பித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் இரண்டு டேங்கும் காலி. அதற்கு முந்தின நாள் டேங்க் பக்கம் லேசாக கேஸ் வாடை வந்ததாகவும் எழுதியிருக்கிறார். ரெகுலேட்டர் கெட்டுவிட்டதா, இரண்டையும் திறந்து வைப்பதா, ஒன்றை மூடி வைப்பதா என்பது கேள்வி.

ரெகுலேட்டர் பெயர் இதில் அடிபட்டாலும் அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே இரண்டு டேங்க் வைக்கிறோம், அது எங்கே கோட்டைவிட்டது? பல வருடம் டிரெய்லர்களில் கேஸ் லைன், ஃபர்னஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி வந்த புகார்களில் ரெகுலேட்டர் குற்றவாளியாக இருந்தது குறைவு. பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். சத்தமில்லாமல் செய்ததுதான் வில்லங்கம்.

முதலில் ஒரு கணக்கு போட்டுவிடுவோம். ஒரு பவுண்டு புரொப்பேனில் கிட்டத்தட்ட 21,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. 30 பவுண்டு டேங்க் நிறைய இருந்தால் சுமார் 6,45,000, இரண்டும் சேர்ந்தால் 12,90,000. இந்த அளவு டிரெய்லரில் ஃபர்னஸ் பெரும்பாலும் மணிக்கு 30,000 பி.டி.யு. பக்கத்தில் இருக்கும் (உங்களுடையதன் லேபிளில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). அது ஒரு நொடிகூட நிற்காமல் எரிந்தாலும் இரண்டு டேங்கும் தீர 43 மணி நேரம் ஆகும். உங்களுக்கு நடந்தது மூன்றாவது இரவு விடிவதற்குள். இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் முப்பது மணி. அதிலும் ஃபர்னஸ் விட்டுவிட்டுத்தான் எரியும், நல்ல குளிரிலும் பாதி நேரம் எரிந்தால் அதிகம். ஃபிரிட்ஜும் இங்கே கேஸில் ஓடுவதுதான், ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை பவுண்டு தின்னும். அடுப்பும் வெந்நீரும் இந்தக் கணக்கில் பெரிய ஆளே இல்லை. எப்படிக் கூட்டினாலும் மூன்று இரவில் 60 பவுண்டு போகாது. ஆக, கிளம்பும்போதே உங்களிடம் 60 பவுண்டு இருக்கவில்லை, அல்லது எங்கோ கசிந்திருக்கிறது. முதலாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் வாடை வந்தது என்று எழுதியிருப்பதால் இரண்டாவதை ஒதுக்கிவிட முடியாது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது அந்தப் பச்சைக்கு வருவோம். அதை நம்பித்தானே கிளம்பினீர்கள். புரொப்பேன் டேங்குக்குள் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது, மேலே இருக்கும் ஆவியைத்தான் நாம் எடுத்து எரிக்கிறோம். அந்த ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 20 டிகிரி செல்சியஸில் நிறைந்த டேங்கிலும் சுமார் 110 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு), அடியில் ஒரு டம்ளர் திரவம் கிடக்கும் டேங்கிலும் அதே 110. கடைசிச் சொட்டு ஆவியான பிறகுதான் அழுத்தம் சரியும், அதுவும் மடமடவென்று. ரெகுலேட்டரின் பச்சை சொல்வது "இந்தப் பக்கம் அழுத்தம் இருக்கிறது" என்பதை மட்டும்தான். போன பயணத்தில் முக்கால்வாசி தீர்ந்த டேங்கும் கிளம்பும் அன்று பளிச்சென்று பச்சை காட்டும். வால்வில் திருகும் கடிகாரம் மாதிரியான மீட்டர்களை வாங்கி ஏமாறுகிறவர்களுக்கும் இதே பதில்தான், அவை அழுத்தத்தைக் காட்டுபவை, அளவை அல்ல.

அப்புறம் அந்த லீவர். ரெகுலேட்டரின் தலையில் அம்புக்குறியோடு ஒரு திருப்பி இருக்கிறதல்லவா, பலரும் அதை வால்வு என்று நினைக்கிறார்கள். இடது டேங்கைக் காட்டினால் வலது டேங்க் மூடியிருக்கிறது என்று நம்புகிறார்கள். தானாக மாறும் வகையில் அப்படிக் கிடையாது. உள்ளே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக முதல் கட்ட ரெகுலேட்டர் உண்டு, அம்பு காட்டும் பக்கம் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்யும், மற்றப் பக்கம் சற்றுக் குறைவில். கூடுதல் பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை மற்றது தானாக அடங்கிக் கிடக்கும். கொடுக்க முடியாமல் அழுத்தம் விழுந்தவுடன் மற்றது திறந்துகொள்ளும், கண்ணாடியில் சிவப்பு வரும். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டம் எல்லாவற்றையும் 11 அங்குல நீர் அழுத்தத்துக்கு, அதாவது ஒரு பி.எஸ்.ஐ.யில் பாதிக்கும் குறைவாக இறக்கி உள்ளே அனுப்புகிறது. எந்த டேங்கிலிருந்து வந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஃபர்னஸ் எரியும், அடுப்பு எரியும், ஃபிரிட்ஜ் குளிரும். முதல் டேங்க் காலியானதை வந்து சொல்ல யாரும் இல்லை, கண்ணாடி மட்டும் வெளியே, இருட்டில், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் சிவப்பாக நின்றுகொண்டிருக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. டிரெய்லர் வாங்கிய முதல் வருடம், இரண்டும் திறந்தே, "தானியங்கிதானே" என்ற தெனாவட்டு. விடியற்காலை மூன்று மணிக்கு ஃபர்னஸ் கிளிக் கிளிக் கிளிக் என்று தீப்பொறி விட்டுப் பார்த்தது, பிடிக்கவில்லை, திரும்ப முயன்றது, மூன்றாவது தடவையோடு முயற்சியை விட்டுவிட்டு வெறும் ஃபேனை மட்டும் ஓட்டியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு டார்ச்சோடு போய் அந்த மூடியைத் தூக்கினேன். அந்த மூடியை நான் தூக்கி எத்தனை நாள் ஆகியிருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். சிவப்பு எப்போது வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் இதுதான், உங்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரு டேங்கை மட்டும் திறந்து வையுங்கள், அம்பு அதன் பக்கம் இருக்கட்டும், இன்னொன்றின் வால்வை மூடியே வையுங்கள். முதல் டேங்க் தீர்ந்தால் அடுப்பு அணையும், அல்லது ஃபிரிட்ஜ் விளக்கு எச்சரிக்கும். எழுந்து போய் இரண்டாவதைத் திறந்து லீவரைத் திருப்ப ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிட எரிச்சலுக்குப் பதிலாக, கையில் ஒரு முழு டேங்க் இருக்கிறது, இன்னொன்று நிரப்பப்பட வேண்டும் என்ற சேதி உங்களுக்கு நிச்சயமாக வந்து சேரும். காலியானதை அன்றே, இல்லாவிட்டால் மறுநாளே நிரப்பிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் இந்தப் பழக்கத்துக்கு அர்த்தமே கிடையாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. எங்கோ ஒரு கசிவு இருந்தால் திறந்திருக்கும் டேங்கோடு போகும், மூடிய டேங்க் தப்பிக்கும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு கடுங்குளிர் இரவு. குழந்தைகளோ வயதானவர்களோ உள்ளே தூங்கும்போது, உறைநிலைக்குக் கீழே, ஃபர்னஸ் நடுஇரவில் நிற்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, தண்ணீர்க் குழாய்களும் உறையும். அப்போது படுக்கும் முன் இரண்டாவதையும் திறந்து வைத்துவிட்டு, காலையில் எழுந்தவுடன் முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்து, திரும்ப மூடிவிடுவேன். இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும், நான் தினமும் பார்ப்பேன் என்கிற கட்சியும் உண்டு. தினமும் நிஜமாகவே பார்ப்பவர்களுக்கு அது சரிதான், நான் அந்த ரகம் இல்லை என்பது அந்த இரவிலேயே நிரூபணமாகிவிட்டது.

குளிரில் இன்னொரு குழப்பம் வரும், உங்கள் மூன்றாவது இரவில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். புரொப்பேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ், அதனால் எந்தச் சாதாரணக் குளிரிலும் அது ஆவியாகும் (பியூட்டேன் அப்படி இல்லை, பூஜ்யத்தை ஒட்டியே படுத்துவிடும், அதனால்தான் குளிர்ப் பிரதேசத்தில் புரொப்பேன்). ஆனால் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதைத் திரவம் தன்னிடமிருந்தும் டேங்கின் உலோகச் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஃபர்னஸ் தொடர்ந்து இழுக்க இழுக்க டேங்க் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும், வெளிச்சுவரில் பனிப்பூச்சு படியும். பூஜ்யம் டிகிரியில் 55 பி.எஸ்.ஐ. பக்கத்தில் இருக்கும் அழுத்தம் மைனஸ் 18இல் 25க்குக் கீழே இறங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் திரவம் அதைவிடவும் குளிர்ந்தால் இன்னும் கீழே. திரவம் குறைவாக இருந்தால் சுவரைத் தொடும் பரப்பும் குறைவு, வெப்பம் உள்ளே வர வழியும் குறைவு, நிலைமை இன்னும் மோசம். அப்போது டேங்கில் ஐந்தாறு பவுண்டு மிச்சம் இருந்தாலும் அதனால் ஈடுகொடுக்க முடியாமல் ரெகுலேட்டர் மற்றப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், கண்ணாடி சிவக்கும். காலையில் வெயில் பட்டதும் அதே டேங்க் உயிர் பெற்று எழுந்து வரும். எனவே குளிர் இரவில் வந்த சிவப்பை மட்டும் வைத்து டேங்க் காலி என்று முடிவு கட்டாதீர்கள், தூக்கிப் பாருங்கள். இந்தக் காரணத்துக்காகச் சிலர் டேங்கைச் சுற்றி மின்போர்வை மாதிரி எதையோ கட்டுகிறார்கள். அதற்கென்றே செய்த தரச்சான்று உள்ள போர்வை தவிர வேறு எதையும், குறிப்பாகத் தீயையோ சூடான காற்று ஊதும் கருவியையோ, டேங்க் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

எவ்வளவு மிச்சம் என்று அறிய எனக்குத் தெரிந்து நம்பகமான வழி ஒன்றுதான், எடை. டேங்கின் மேல் வளையத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் குத்தியிருப்பார்கள், அது வெறும் டேங்கின் எடை. 20 பவுண்டு டேங்கில் 17, 18 பக்கம் இருக்கும், 30 பவுண்டு டேங்கில் 25 பக்கம். கொக்கித் தராசிலோ குளியலறைத் தராசிலோ வைத்து, வரும் எடையிலிருந்து அதைக் கழித்தால் கேஸ். தராசு 41 காட்டுகிறது, வளையத்தில் 25 என்றிருந்தால் 16 பவுண்டு, அதாவது பாதிக்குச் சற்று மேலே. பயணம் கிளம்பும் முந்தின நாள் இரண்டையும் எடைபோட்டு ஒரு துண்டு டேப்பில் எழுதி டேங்கிலேயே ஒட்டிவிடுவேன். தராசு இல்லாத இடத்தில் சுடுதண்ணீர் வித்தை உண்டு: டேங்கின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு குவளை வெந்நீரை ஊற்றிவிட்டு உள்ளங்கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வாருங்கள். வெதுவெதுப்பாக இருந்த உலோகம் ஒரு இடத்தில் சட்டென்று சில்லென்று மாறும். திரவத்தின் மட்டம் அதுதான். துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஆனால் கால் டேங்கா முக்கால் டேங்கா என்று தெரிந்துவிடும்.

வால்வைத் திறக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த டேங்குகளில் கையாலேயே முடுக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டுக்குள், குழாய் அறுந்தால் கேஸ் பீறிடாமல் தடுக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வால்வைப் படாரென்று திறந்தால் காலியான ஹோஸுக்குள் கேஸ் பாய்வதை அது "குழாய் அறுந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு வழியை அடைத்து, சொட்டுச் சொட்டாக மட்டும் விடும். அப்புறம் அடுப்பு மட்டும் சோகையாக எரியும், ஃபர்னஸ் பிடிக்காது, நீங்கள் ரெகுலேட்டரைத் திட்டுவீர்கள். மூடிவிட்டு, சில நிமிடம் பொறுத்து, மெதுவாக, ஒரு கால் சுற்று திறந்து நிறுத்தி, பிறகு முழுவதும் திறந்தால் சரியாகிவிடும். உள்ளே எந்த பர்னரும் திறந்திருக்கக் கூடாது. "புது டேங்க் மாட்டியும் வேலை செய்யவில்லை" என்று வந்தவர்களில் எத்தனையோ பேர் நான் இப்படி ஒருமுறை மூடித் திறந்ததைப் பார்த்துவிட்டு அசடு வழியத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் நிறைந்த டேங்கின் வால்வைத் திறந்து, லீவரை அதன் பக்கம் திருப்பி, பச்சை வந்ததைப் பார்த்துவிட்டு, காலியான டேங்கின் வால்வை மூடி, பிறகு நட்டைக் கழற்றுங்கள். ஹோஸில் மிச்சமிருக்கும் கேஸ் புஸ்ஸென்று ஒரு கணம் வரும், அது சாதாரணம். அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ரெகுலேட்டருக்குள், கேஸ் பின்னோக்கி வராமல் தடுக்கும் திரும்பாத்தடுப்பு வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம், உடனே மற்ற டேங்கையும் மூடிவிட வேண்டும். ஒரு டேங்கை நிரப்பக் கொண்டுபோயிருக்கும் நேரத்தில் தொங்கும் ஹோஸ் முனைக்கு ஒரு மூடி போட்டு வைப்பது நல்லது, தூசியும் பூச்சியும் உள்ளே போகாது. நட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள், ஸ்பானர் வேண்டாம். டேங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் மேல் பட்டையின் சிறகு நட்டை மட்டும் நன்றாக முடுக்குங்கள், மேடு பள்ளத்தில் அது தளர்ந்து டேங்க் ஆடி ஹோஸ் தேய்ந்த கதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாடைக்கு வருகிறேன். புரொப்பேனுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது, எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அது 35 டிகிரியில்தான் கொதிக்கும், புரொப்பேனோ மைனஸ் 42இல். அதனால் புரொப்பேன் முதலில் ஆவியாகிப் போக, நாற்றம் அடியில் சேர்ந்துகொண்டே வரும், டேங்க் தீரப்போகும் நேரத்தில் வாடை தூக்கலாக இருப்பது அனுபவத்தில் சகஜம். உங்கள் முந்தின நாள் வாடைக்கு இது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தீரும் வாடைதான் என்று மூக்கை வைத்து முடிவு செய்யக்கூடாது, இணைப்பு சரியாக இருந்தால் டேங்க் பக்கத்தில் வாடை வர வேண்டிய அவசியமே கிடையாது. வெளியே வாடை வந்தால் வால்வை மூடிவிட்டு சோப்பு நுரையால் பார்ப்பது, உள்ளே வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு வெளியில் போய் டேங்கை மூடுவது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும், அதனால்தான் கேஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவிக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும், பாருங்கள்.

நிரப்புவதைப் பற்றி வேகமாகச் சில விஷயம். எந்த டேங்கையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். இதற்காக அமெரிக்காவில் 2002 ஏப்ரல் முதல் 4 முதல் 40 பவுண்டு வரையிலான டேங்குகளில் அதிக நிரப்பைத் தடுக்கும் வால்வு இல்லாவிட்டால் நிரப்பவே மாட்டார்கள், முக்கோணக் கைப்பிடி இருந்தால் அந்த வகை. குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து 12 வருடம் வரை நிரப்பலாம், அதற்குப் பிறகு மறுபரிசோதனை முத்திரை வேண்டும், கண்ணால் பார்த்துச் செய்யும் பரிசோதனை என்றால் தேதியோடு E என்ற ஆங்கில எழுத்து இருக்கும், 5 வருடம் செல்லும். பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் பயணத்தின் நடுவில் நிரப்பும் இடத்தில் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்தத் தேதியால்தான். காலி கொடுத்து நிறைந்தது வாங்கும் 20 பவுண்டு டேங்குகளில் பலவற்றில் 15 பவுண்டுதான் இருக்கும், லேபிளில் அதை எழுதியும் இருப்பார்கள், படிக்கத்தான் ஆள் இல்லை. புத்தம்புது டேங்க் வாங்கினால் முதல் தடவை உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றித்தான் நிரப்ப வேண்டும், அதை நிரப்புகிறவரிடம் சொல்லிவிடுங்கள். காரில் கொண்டுபோகும்போது டேங்க் நின்றபடியே இருக்க வேண்டும், படுக்க வைத்தால் பாதுகாப்பு வால்வு திரவத்தில் மூழ்கிவிடும்.

ஓட்டும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கட்டும். ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும் என்பார்கள், கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். பெட்ரோல் பங்குக்குள் எரியும் சுடரோடு போவது பைத்தியக்காரத்தனம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சுரங்கச் சாலைகளுக்குத் தனி விதிகள் உண்டு. பால்டிமோரின் ஹார்பர் டனல், ஃபோர்ட் மெக்ஹென்றி டனல் இரண்டிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் டேங்கோடு போக முடியாது. முன்பெல்லாம் டிரெய்லர்காரர்கள் கீ பிரிட்ஜ் வழியாகச் சுற்றிப் போவார்கள், அது 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி விழுந்துவிட்டது, அதனால் இப்போது 695 வட்டச்சாலையின் மேற்குப் பக்கம்தான் வழி. போகும் பாதையில் சுரங்கம் இருந்தால் முன்கூட்டியே அதன் விதியைப் படித்துவிடுங்கள்.

இனி உங்கள் ரெகுலேட்டரைச் சோதிப்பது. இரண்டு டேங்கையும் நிரப்பி, எடைபோட்டு, இரண்டையும் மெதுவாகத் திறந்து, அடுப்பில் ஒரு பர்னரை ஏற்றி வையுங்கள். இப்போது அம்பு காட்டும் பக்கத்து வால்வை மூடுங்கள். ஹோஸில் இருக்கும் கேஸ் தீர்ந்ததும் கண்ணாடி சிவக்க வேண்டும், சுடர் அணையாமல் தொடர வேண்டும். அப்படி நடந்தால் மாறும் வேலையை ரெகுலேட்டர் ஒழுங்காகச் செய்கிறது. லீவரைத் திருப்பி மற்றப் பக்கத்துக்கும் இதையே செய்து பாருங்கள். சுடர் அணைந்தாலோ, நிறம் மாறாமல் நின்றாலோ ரெகுலேட்டரை மாற்றிவிடலாம், அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது கிடையாது. மாற்றும்போது டேங்கிலிருந்து வரும் இரண்டு குட்டை ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள், வளைத்துப் பார்த்தால் ரப்பரில் மயிரிழை விரிசல் தெரிகிற வயதில் இருக்கும். 11 அங்குல அழுத்தம் சரியாக வருகிறதா என்பதை மட்டும் மனோமீட்டர் (இப்படிக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளிடம் விட்டுவிடுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் அது.

கசிவுக்கு: ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள், அமோனியா கலந்த சோப்பு வேண்டாம், பித்தளையை அரிக்கும். நுரை ஊதி வளர்ந்தால் அங்கேதான். டிரெய்லருக்குள் ஓடும் குழாய்க்கு ஒரு முரட்டுச் சோதனை இருக்கிறது. உள்ளே எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸிலிருந்து மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் அணைத்து, டேங்கைத் திறந்து லைன் நிரம்பியதும் மூடிவிடுங்கள். அரை மணி கழித்து, உள்ளே வாடை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டேங்கைத் திறக்காமலே ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். லைனில் அழுத்தம் நின்றிருந்தால் சுடர் நன்றாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் எரிந்து அணையும். பிடிக்கவே இல்லை என்றால் அந்த அரை மணியில் கேஸ் எங்கோ போயிருக்கிறது. சுடர் பிடித்தது என்பதற்காகச் சின்னக் கசிவும் இல்லை என்று அர்த்தம் ஆகாது, அதைச் சொல்ல மனோமீட்டர்தான் வேண்டும். பிடிக்காமல் போனால் இரண்டு டேங்கையும் மூடிய நிலையிலேயே விட்டுவிட்டு, அடுத்த பயணத்துக்கு முன்னால் அழுத்தச் சோதனை செய்யும் டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். பிடித்தால், பெரும்பாலும், போன பயணத்துக்குப் பிறகு அந்த டேங்குகளை யாரும் எடைபோடவில்லை, அவ்வளவுதான்.